மரக்காணம் உப்பளத்தில் மூச்சு விட்ட குழாய்

ஜனவரி கடைசியில் ஒரு வாசகர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மரக்காணத்து உப்பளங்களைப் படம் எடுக்கப் போய்வந்தவர். உப்புக் குவியல்கள், பாத்தித் தண்ணீரில் விழுந்த மேகம், தலையில் கூடையோடு வரிசையாகப் போகும் பெண்கள் என்று எட்டுப் படங்கள். ஒன்பதாவது படத்தில் தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த இரும்புக் குழாய். "இது மூச்சு விடுகிறது என்று சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் பக்கத்தில் போவதில்லை. உங்கள் வலைப்பதிவுக்கு நல்ல விஷயம், ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்.

அந்தக் குழாயை எனக்குத் தெரியும். 2004 மே மாதம், அதை அடியிலிருந்து வாய்வரை சிமென்ட் ஊற்றி மூடியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

இந்தப் பக்கத்தில் நான் கோயில், கடற்கரை, நல்ல மெஸ் என்றுதான் எழுதுவேன். என் படிப்பு நிலவியல் என்பதும், மூன்று வருஷம் ஒரு கம்பெனிக்காகத் துளை போடும் இடங்களில் வேலை பார்த்தேன் என்பதும் பலருக்குத் தெரியாது. இந்த முறை அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை கிளம்பினேன். கேமரா எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் படங்கள் இல்லை, மன்னிக்கவும்.

கோயம்பேட்டில் காலை 5.40க்கு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்து. மரக்காணத்துக்கு 42 ரூபாய். ஏறும்போதே நடத்துநரிடம் மரக்காணம் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள், சில வண்டிகள் நிற்காது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கடல் தெரியவேண்டும் என்றால் இடது பக்க ஜன்னல். உப்பளம் தெரியவேண்டும் என்றால் வலது பக்கம். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

பேருந்தில் மூன்று மணி நேரம் இருப்பதால், அங்கே என்ன தேடினோம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கச்சா எண்ணெய் விலை ஏற ஆரம்பித்த சமயம் அது. சென்னையில் சிறிய கம்பெனி ஒன்று. முதலாளி, இரண்டு நிலவியலாளர்கள், வாடகைக்கு எடுத்த துளை இயந்திரம், அவ்வளவுதான். மரக்காணத்துக்கு மேற்கே, உப்பளங்கள் முடிந்து கழுவெளி ஏரியின் சதுப்பு தொடங்கும் இடத்தில், பூமிக்கு அடியில் இன்னொரு ஏரி இருந்தது என்பது எங்கள் கணக்கு. இப்போது இருக்கும் ஏரி இல்லை. மனிதர்கள் வருவதற்குப் பல கோடி வருஷங்களுக்கு முன்னால் இருந்த ஏரி. அதில் பாசி வளர்ந்தது, செத்தது, அடியில் படிந்தது. காற்றே போகாத ஆழத்தில் அந்தப் பாசியும் சேறும் அழுகாமல் இறுகி, கறுப்புக் களிப்பாறையாகிவிட்டது. அதை ஷேல் என்பார்கள்.

இந்தப் பாறையில் எண்ணெய் சொட்டாது. எண்ணெய் ஆவதற்கான சரக்கு மட்டும்தான் இருக்கும். காற்றுப் புகாத உலையில் வைத்து ஐந்நூறு டிகிரி சூடாக்கினால் ஆவியாகி வரும். அதைக் குளிர வைத்தால் எண்ணெய். பூமி செய்ய மறந்துவிட்ட வேலையை நாம் செய்து முடிக்கிறோம் என்று எங்கள் முதலாளி வங்கிக்காரர்களிடம் சொல்வார்.

நான்கு துளைகள் போட்டோம். துளையிலிருந்து வெளியே வரும் பாறை உருளைகளைக் கழுவி, மரப்பெட்டியில் அடுக்கி, அடிக்கு அடி எழுதி வைப்பது என் வேலை. நான்காவது துளையில், நூற்று நாற்பது மீட்டருக்குக் கீழே, அந்த ஏரி வந்தது. உருளையை உடைத்தால் காகிதக் கட்டுப் போலத் தாள் தாளாகப் பிரியும். வெளிறிய தாள் ஒன்று, கறுப்புத் தாள் ஒன்று. மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. ஒரு விரல் கனத்தில் எத்தனையோ வருஷங்கள். ஒரு தாளில் சின்ன மீனின் செதில்கள் அப்படியே இருந்தன. ஒரு சில்லைத் தீக்குச்சியில் காட்டினேன். புகைந்து பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் வாடை. யாரும் பார்த்திராத ஒரு ஏரி என் கையில் எரிகிறது என்று நினைத்தபோது முதுகு சில்லிட்டது. அதை அப்போது சந்தோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு சந்தோஷம் போய்விட்டது. படிவம் மெல்லியது. அதைத் தோண்டி எடுத்து வேகவைக்கச் செலவாகும் எரிபொருள், வரப்போகும் எண்ணெயைவிட அதிகம். முதலாளி துளைகளை மூடிவிட்டுக் கிளம்பச் சொன்னார். மூன்றை என் கண் முன்னால் மூடினார்கள். நான்காவதை மூடும் முன், அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது என்று செய்தி வந்தது. "நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க மேடம், நாங்க மூடிட்டு வண்டி எடுத்துடறோம்" என்றார் துளை போடும் குழுவின் தலைவர். போட்டேன். அந்த இயந்திரத்துக்கு வேறு ஊரில் வேலை காத்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் போட்டேன். அடுத்த வருஷம் கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

8.45க்கு மரக்காணத்தில் இறங்கினேன். பேருந்து நிற்கும் இடத்திலேயே ஆட்டோக்கள் இருக்கும். ஆரோக்கியம் என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியில் மாதா படம். இடத்தைச் சொன்னதும் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"அங்க இன்னா பாக்கப் போறீங்க? உப்பு எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளதானே. கிட்டக்கவே காட்டறேன்."

"அந்தக் குழாயைப் பாக்கணும்."

அவர் கண்ணாடியிலிருந்த மாதா படத்தைத் தொட்டுக்கொண்டார். "அறுபது ரூபா. அங்க நான் நிக்க மாட்டேன், கரையில நிப்பேன். சரின்னா ஏறுங்க."

ஆறு கிலோமீட்டர். பாதி தூரம் தார் ரோடு, மீதி பாத்திகளுக்கு நடுவே போகும் மண் கரை. பிப்ரவரியில் போகிறவர்கள் பெரிய வெள்ளைக் குவியல்களை எதிர்பார்க்க வேண்டாம். அப்போதுதான் பாத்தி மிதித்து, களியைக் கெட்டிப்படுத்தி, முதல் தண்ணீர் விடும் காலம். ஏப்ரல், மே மாதங்களில்தான் கண் கூசும் வெள்ளை. பிப்ரவரியில் தெரிவது தண்ணீர்தான். கணுக்கால் ஆழத்துக்குக் கட்டம் கட்டமாக, அசைவே இல்லாமல். அன்று தென்கிழக்கில் பருவம் தப்பிய மேகம் ஒன்று திரண்டிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு பெண் நடந்து வந்தாள். அவள் காலடியில் தலைகீழாக இன்னொருத்தி நடந்து வந்தாள். சத்தம் எதுவும் இல்லை. உப்பளத்தில் தவளை இருக்காது, மரம் இருக்காது, காற்று வந்தால் ஆடுவதற்கு எதுவும் இருக்காது.

நாங்கள் இயந்திரத்துக்காக மேடாக்கி வைத்த இடம் அப்படியே இருந்தது. அதை யாரோ நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குழாயிலிருந்து நாலு எட்டில், பன்னிரண்டு அடி ஆழத்துக்குச் சதுரமாக ஒரு பள்ளம் தோண்டி, செங்கல் கட்டி, இரும்பு ஏணி வைத்து, அடியில் டீசல் இன்ஜினும் பம்பும் இறக்கியிருந்தார்கள். நிலத்தடி உப்புத் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போவதால், மேலே வைத்தால் பம்பு இழுக்காதாம். புகைக்குழாயை ஒழுங்காக வெளியே விட்டிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் குழாயிடம் போனேன். மணி 9.20. அதன் வாயில் மூடி இல்லை, சிமென்ட் இல்லை. துப்பட்டாவிலிருந்து ஒரு நூலை உருவி மேலே பிடித்தேன். நூல் வளைந்து குழாய்க்குள் போனது. மெதுவாக, இழுத்துப் பிடித்த மாதிரி, உள்ளேயே நின்றது. காதைக் கொண்டுபோனால் தூங்குகிறவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். ஆனால் முடிவே இல்லாத இழுப்பு. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். 10.15 வாக்கில் நூல் தளர்ந்து நேராகத் தொங்கியது. சில நிமிஷம் எதுவுமில்லை. பிறகு நூல் மெல்ல மேலே எழும்பியது. மண்ணெண்ணெய் வாடை வந்தது. 2004இல் என் கையில் எரிந்த சில்லின் அதே வாடை.

இதில் பேய் எதுவும் இல்லை. காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிவரை ஏறும், பிறகு மாலை நாலு மணிவரை இறங்கும். அடியில் தண்ணீர் வற்றிப்போன மணல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறினால் குழாய் வழியாகக் காற்று அதற்குள் போகும், இறங்கினால் வெளியே வரும். உலகத்தில் பல ஊர்களில் இப்படி மூச்சு விடும் கிணறுகள் உண்டு. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்த வாடை முகத்தில் பட்டதும் இரண்டடி பின்னால் போனேன்.

"பதினோரு மணிக்கு மேல அதுங்கிட்ட நிக்காதீங்க. தல வலிக்கும்."

தண்ணீரில் தலைகீழாக நடந்து வந்த பெண்தான். பெயர் பவுனு, நாற்பது வயதிருக்கும். களி மிதித்த கால்கள் முழங்கால்வரை சாம்பல் பூசியிருந்தன. இந்த நாலு ஏக்கர் பாத்திகளை அவரும் அவர் தம்பி சேகரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். என்னைப் படம் எடுக்க வந்தவள் என்று நினைத்து, சாப்பாட்டு வேளையில் தன் தூக்குவாளியிலிருந்து கூழும் வறுத்த கருவாடும் கொடுத்தார். ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆரோக்கியமும், கரையிலேயே நிற்பேன் என்றவர், கருவாட்டு வாசத்துக்கு வந்துவிட்டார்.

"இன்ஜின் மதியத்துல தானா நின்னுடும். தெனம் இல்ல. மேகம் போட்டா, மழை வர மாதிரி இருந்தா நிக்கும்," என்றார் பவுனு. "மெக்கானிக் ரெண்டு வாட்டி பிரிச்சுப் பாத்தாரு. ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

நான் கூழை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். அடியில், இன்ஜினைச் சுற்றி, ஈரத் தரையில் தும்பிகள் கிடந்தன. நிறைய. ஒரு சிட்டுக்குருவி. இரண்டு நண்டுகள், கால்களை மடக்காமல், நடந்துகொண்டிருந்தவை அப்படியே நின்றுவிட்ட மாதிரி.

திரும்பி வந்து, "யாராவது உள்ள எறங்கி மயக்கம் போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரரு அதுலதான் செத்தாரு," என்றார் பவுனு. கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "போன ஆவணியில. இடி இடிச்சுது, இன்ஜின் நின்னுபோச்சு, எறங்கினாரு. ஏழுமலைன்னு பேரு. மார் அடைப்புன்னு டாக்டர் எழுதினாரு. ஊருல குடிச்சுட்டு எறங்கினான்னு சொல்லிட்டாங்க. உடம்புல வாடை வந்துச்சாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏரியின் கறுப்புப் பாறை, இரும்பு துருப்பிடிப்பது போல, தன்மேல் படும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். காலையில் குழாய் நல்ல காற்றை இழுக்கிறது. மதியம், அதுவும் மழை மேகம் கூடி அழுத்தம் வழக்கத்தைவிட இறங்கும் நாளில், திருப்பி விடுவது செத்த காற்று. கனமான காற்று. அது தரையோடு ஊர்ந்து, பக்கத்தில் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிரம்பும். இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். அதைக் கிளப்ப மனிதன் இறங்குவான்.

இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தப் பதிவில் என்னால் அழகாக எழுத முடியாத இடம் இதுதான். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கொடுத்த கூழைக் குடித்து முடித்து, வெயில் எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம். எனக்குப் பயமாக இருந்தது.

1.20க்கு இன்ஜின் நின்றது. படிப்படியாக இல்லை. இரண்டு முறை இருமியது, அவ்வளவுதான். அதன் பிறகு வந்த அமைதியில் குழாயின் மூச்சு கொட்டகைவரை கேட்டது.

சேகர் பாத்தியிலிருந்து வந்தார். முப்பது வயது, அதிகம் பேசாத மனிதர். "தண்ணி பாதி பாத்திக்குக்கூட வரல," என்று சொல்லிக்கொண்டே ஏணியில் கால் வைத்தார்.

"எறங்காதீங்க," என்றேன். "உள்ள காத்து சரியில்ல."

"நான் எறங்கறவன்தான் மேடம். தல கொஞ்சம் சுத்தும். மேல வந்தா சரியாயிடும்."

"அப்ப கயிறாவது கட்டிக்குங்க. இடுப்புல இல்ல, அக்குளுக்குக் கீழ."

அவர் சிரித்தார். பவுனுதான், "கட்டிக்கடா. அவங்க சொல்றதுல நமக்கு இன்னா போச்சு," என்று கொட்டகையில் கிடந்த கயிற்றை எடுத்து அவர் மார்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் சத்தம் போட்டுத் தடுத்திருக்கலாம், ஏணியைப் பிடித்து இழுத்திருக்கலாம். காரணத்தைச் சொல்லாமல் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

சேகர் இறங்கினார். ஏழாவது படியில், "அக்கா, அந்த ஸ்பேனர..." என்றார். வாக்கியம் முடியவில்லை. கை ஏணியை விட்டது. சத்தமே இல்லாமல், தூக்கம் வந்த மாதிரி, பின்னால் சாய்ந்தார்.

பவுனு ஏணியில் கால் வைத்துவிட்டார். அவர் புடவையைப் பிடித்து இழுத்து நானும் அவரும் தரையில் விழுந்தோம். "நீங்களும் எறங்கினா ரெண்டு பேரு. இழுங்க, கயித்த இழுங்க," என்று கத்தினேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி கரைக்குப் போயிருந்த ஆரோக்கியம் ஓடிவந்தார். மூன்று பேரும் இழுத்தோம். முடிச்சு தாங்கியது. மேலே கொண்டுவந்து, காற்று வரும் பக்கமாகப் பத்தடி தள்ளிக் கிடத்தினோம். உதடு நீலமாக இருந்தது. நான் வாயில் வாய் வைத்து ஊதினேன். எத்தனை முறை என்று தெரியாது. பின்னால் குழாயும் ஊதிக்கொண்டே இருந்தது.

சேகர் இருமினார், வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, "நான் எறங்கிட்டேனா?" என்று கேட்டார். ஏணியில் கால் வைத்ததிலிருந்து அவருக்கு எதுவுமே நினைவில்லை.

அவரை ஆட்டோவில் ஏற்றி மரக்காணம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு மணி நேரம் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அங்கே வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பவுனுவிடம் சொன்னேன். எண்ணெய் தேடினோம் என்றேன். துளை போட்டோம், மூடாமல் விட்டோம், மூடிவிட்டோம் என்று நான் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன் என்றேன். காற்று எப்படி வருகிறது என்றும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப அவரு குடிக்கல," என்றார்.

"குடிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா சாகறதுக்கு அந்தக் காத்து ஒண்ணே போதும். அந்த வாடையும் காத்தோட வாடைதான்."

"அவரு குடிக்க மாட்டாரு. பதினெட்டு வருஷம் கூட இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்கு முன்னாடியே தெரியும். வந்து அவரு அண்ணங்கிட்ட சொல்லுங்க."

சென்னைக்குத் திரும்பியதும் பழைய முதலாளிக்குப் போன் போட்டேன். கிளறாதே என்றார். துளை போட்ட குழுவின் தலைவர் எண்ணை மாற்றிவிட்டிருந்தார். வருவாய்த்துறைக்கும் சுரங்கத்துறைக்கும் நடந்ததை எழுதி, என் பெயரையும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வரும்போது வரட்டும், என்ன கேட்டாலும் பதில் சொல்வேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கிளம்பிக் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினேன். ஒரு இரவுக்கு 250 ரூபாய், சுத்தமான அறை, வெந்நீர் கிடையாது. அங்கிருந்து மரக்காணம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விடியற்காலையில் ஆரோக்கியம் வந்து அழைத்துக்கொண்டார். வரும் வழியிலேயே சிமென்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டோம்.

துளையை மூட நேரம் முக்கியம். குழாய் உள்ளே இழுக்கும்போதுதான் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம். ஆறரைக்கு ஆரம்பித்தோம். பள்ளத்தைப் பவுனுவும் சேகரும் முதலிலேயே பலகை போட்டு மூடியிருந்தார்கள். எடை கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தேன். அறுபத்தொரு மீட்டரில், காற்று மட்டும் கசியும்படி மண் சரிந்து அடைத்திருந்தது. அதற்குக் கீழே ஏரி அதன் பாட்டுக்கு இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாயை அந்த ஆழம்வரை விட்டு, களிமண் கரைசலையும் பிறகு சிமென்ட் கரைசலையும் அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வந்தோம். சேகரும் ஆரோக்கியமும் கலக்கினார்கள், நான் ஊற்றினேன். பவுனு தண்ணீர் சுமந்தார். சிமென்ட் மேலே ஏற ஏற, குழாயின் இழுப்புச் சத்தம் மெலிந்து, உயர்ந்து, விசில் மாதிரி ஆனது. ஆரோக்கியம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மூன்று நிமிஷம் போல அந்த விசில் கேட்டது. பிறகு நின்றது. வாய்வரை நிரப்பி, அதன் மேலே தடிமனாகக் கான்கிரீட் போட்டோம். பதினொன்றரை மணிவரை காத்திருந்தேன். வாடை வரவில்லை, கொட்டகைக்குப் போய்விட்டேன். பவுனு நாலு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அழுத்தம் திரும்பும் நேரத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

நாலு மணிக்கு மேல் எல்லோரும் ஊருக்குள் போனோம். ஏழுமலையின் அண்ணன் முனுசாமி வீட்டு வாசலில் மூன்று நாற்காலி போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து நின்றார்கள். நான் மருத்துவமனையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன், ஒன்றும் விடாமல். சேகர் எழுந்து, ஏணியில் நடந்ததைச் சொன்னார். அவர் பேசியதை அன்றைக்குத்தான் அத்தனை நீளமாகக் கேட்டேன்.

முனுசாமி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, "பொணத்த மேல தூக்கினது நான்தான்," என்றார். "சட்டையில வாடை அடிச்சுது. நான்தான் முதல்ல சொன்னேன். நான் சொல்லித்தான் ஊரு சொல்லிச்சு." பவுனுவைப் பார்க்காமலேயே எழுந்து உள்ளே போனார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவி வந்து பவுனுவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லையாம்.

அங்கே போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளை உப்பு வேண்டுமானால் ஏப்ரலுக்கு மேல் போங்கள், காலை ஒன்பதுக்குள் படம் எடுத்து முடித்துவிடுங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், மிதித்துக் கெட்டிப்படுத்திய களியில் உங்கள் ஒரு தடம் பட்டாலும் அவர்களுக்கு ஒரு நாள் வேலை. குடிதண்ணீர் இரண்டு லிட்டராவது கொண்டுபோங்கள். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எங்கேயாவது திறந்து கிடக்கும் குழாயைப் பார்த்தால் முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள், நெருப்பு காட்டவே காட்டாதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள். எனக்கு எழுதினாலும் வருவேன்.

மாலை 5.25 பேருந்துக்கு பவுனு ரோடுவரை கூட வந்தார். என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. வண்டி தூரத்தில் தெரிந்ததும், "நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுவீங்களாமே, ஆட்டோக்காரரு சொன்னாரு," என்றார்.

"எழுதுவேங்க."

"அவரு பேரப் போட்டு எழுதுங்க. ஏழுமலை. குடிச்சுட்டு விழலன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.